மஞ்சள், மிளகு, கல்லீரல்

மஞ்சளில் இருக்கும் குர்குமின் கல்லீரல் புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறது. இந்த வரி அடிக்கடி ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகிறது. கூடவே ஒரு மஞ்சள் கிழங்கின் படம், நாலு மிளகு, ‘எல்லோருக்கும் பகிருங்கள்’ என்று ஒரு வேண்டுகோள். அந்த வரி பொய் இல்லை. பொய்யாக இருந்தால் அப்படியே சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போகலாம். உண்மையாக இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

குர்குமின் அந்தச் செல்களைக் கொல்வதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். உயிர்வேதியியலில் ஆராய்ச்சி மாணவனாக இருந்த காலத்தில் செய்த வேலைகளில் அதுவும் ஒன்று. உள்ளங்கை அளவுள்ள பிளாஸ்டிக் தட்டு. அதில் 96 சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் சில ஆயிரம் செல்களை விட்டு, 37 டிகிரி இன்குபேட்டரில் ஒரு ராத்திரி வைத்தால் அடியில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் குர்குமினைச் சேர்க்க வேண்டும். அது தண்ணீரில் கரையாது என்பதால் டி.எம்.எஸ்.ஓ என்ற கரைப்பானில் கரைத்து வைத்திருப்போம். அந்தக் கரைப்பானே அளவு மீறினால் செல்லைக் கொன்றுவிடும். ஆகவே வெறும் கரைப்பான் மட்டும் விட்ட குழிகளும் தனியாக உண்டு. வெளிச்சம் பட்டால் குர்குமின் கெட்டுப்போகும். குப்பியைச் சுற்றி அலுமினியத் தாள். இவ்வளவு பத்திரமாகச் செய்தாலும் கையுறை, பைப்பெட் முனை, மேசை விளிம்பு என்று எங்கும் மஞ்சள் ஏறிவிடும்.

இரண்டு நாள் கழித்து எம்.டி.டி என்ற சாயப்பொருளைச் சேர்ப்போம். உயிரோடு இருக்கும் செல் அதை ஊதா நிறப் படிகமாக மாற்றும். செத்த செல் மாற்றாது. நுண்ணோக்கியில் பார்த்தால் செல்களின் மேல் கருநீல ஊசிகள் முளைத்தது போல இருக்கும். படிகங்களைக் கரைத்துவிட்டுத் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், மருந்து இல்லாத வரிசை அடர்ந்த ஊதா, அடுத்தது கொஞ்சம் வெளிறியது, அதற்கடுத்தது இன்னும் வெளிறியது, கடைசி வரிசையில் ஊதாவே இல்லை. பாதிச் செல்கள் அடங்கிப்போகும் அளவு எது என்று அந்த வரிசைகளிலிருந்து கணக்குப் போடுவோம். குர்குமினுக்கு அந்த அளவு, பெரும்பாலான கட்டுரைகளில், 10 முதல் 50 மைக்ரோமோலாருக்குள் (கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு) எங்கோ வரும். அந்தத் தட்டைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் நிஜமானது. நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் கிடக்கும் ஒரு பொருள் புற்றுநோய்ச் செல்லின் மேல் வேலை செய்கிறது. யாருக்குத்தான் மனசு குதிக்காது?

எப்படிக் கொல்கிறது என்பதற்கும் நிறையப் பதில்கள் கிடைத்திருக்கின்றன. செல்லைத் தொடர்ந்து பிரியச் சொல்லும் சமிக்ஞைகளை, குறிப்பாக என்.எஃப்-கப்பா பி என்ற பாதையை, அது அடக்குகிறது. செல் பிரியும் சுழற்சியை நடுவில் நிறுத்துகிறது. காஸ்பேஸ் என்ற நொதிகள் கிளம்பி, செல் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. இவை எல்லாம் தட்டில் பல ஆய்வகங்களில் பார்த்தவை. ஆனால் குர்குமின் தொடாத பாதையே இல்லை என்கிற அளவுக்குப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. அங்கேதான் மருந்து வேதியியல்காரர்களுக்குச் சந்தேகம் வந்தது. 2017-ல் ‘ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி’யில் குர்குமினைப் பற்றி ஒரு நீண்ட மதிப்புரை வந்தது. எதிர்ப்படும் புரதங்களோடெல்லாம் வினைபுரியக்கூடியது, தானே ஒளிரும் தன்மையால் சோதனைக் கருவிகளை ஏமாற்றக்கூடியது, நிலையற்றது, உடம்பில் ஏறாதது என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார்கள். அதுவரை நடந்திருந்த 120-க்கும் மேற்பட்ட மனித ஆய்வுகளில், யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் மறைத்து, போலி மாத்திரையோடு ஒப்பிட்டு நடத்திய எதுவும் வெற்றி பெறவில்லை என்றும் எழுதினார்கள். குர்குமின் ஆராய்ச்சியில் பெரிய பெயராக இருந்த ஓர் அமெரிக்க ஆய்வகத்தின் கட்டுரைகள், படங்களில் கோளாறு இருந்ததால் கொத்தாகத் திரும்பப் பெறப்பட்டதும் அந்தக் காலத்தை ஒட்டித்தான்.

அந்தத் தட்டில் இருந்த செல்கள் யாருடையவை என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ‘கல்லீரல் புற்றுசெல்’ என்று செய்தியில் வருவது பெரும்பாலும் ஹெப்-ஜி2 என்ற செல் வகை. அர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயதுப் பையன் ஒருவனின் ஈரல் கட்டியிலிருந்து, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள விஸ்டார் நிறுவனத்தில் 1970-களில் வளர்த்தெடுத்தது. உலகம் முழுக்க இன்றைக்கும் அந்தப் பையனின் செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன. பல ஆயிரம் கட்டுரைகள் அதைப் பெரியவர்களுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் என்றே எழுதின. 2009-ல் பழைய திசுச் சான்றுகளை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, அது ஹெபடோபிளாஸ்டோமா, அதாவது பெரும்பாலும் குழந்தைகளுக்கு வரும் வேறொரு கட்டி என்று தெரிந்தது. நம் ஊரில் 50, 60 வயதில், ஈரல் சுருங்கிப்போன பிறகு வருகிற புற்றுநோய் அது இல்லை. கல்லீரல் புற்றுநோய்க்கு ஒரு முக்கியக் காரணமான ஹெபடைடிஸ் பி வைரஸும் ஹெப்-ஜி2 செல்லில் கிடையாது. அந்த வைரஸின் சுவடு உள்ள ஹெப்-3பி, ஜப்பானில் 57 வயதுக்காரரிடமிருந்து எடுத்த ஹூ-7 என்று வேறு செல்களும் இருக்கின்றன. ஆனால் வளர்க்கச் சுலபம், எங்கும் கிடைக்கும் என்பதால் ஆய்வகங்கள் ஹெப்-ஜி2-வையே கையில் எடுக்கின்றன.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஹெப்-ஜி2, ஈரலின் வேலையைப் பாதி மறந்துபோன செல். உடம்புக்குள் வரும் அந்நியப் பொருள்களை உடைக்கும் சைட்டோகுரோம் பி450 குடும்பத்து நொதிகள், ஆரோக்கியமான ஈரல் செல்லோடு ஒப்பிட்டால், அதில் மிகக் குறைவு. ஈரலின் பிரதான வேலையே அப்படி உடைத்து வெளியே தள்ளுவதுதான். குர்குமின் தட்டில் ஜெயிப்பது, அதை எதிர்க்கும் ஆள் பாதி இல்லாத களத்தில்.

இதைப் படிக்கிற யாருக்காவது வீட்டில் நோயாளி இருந்தால், ‘இதெல்லாம் எதற்கு, கொடுக்கலாமா கூடாதா?’ என்பதுதான் கேள்வியாக இருக்கும். எனக்கும் அது வெறும் ஆய்வகக் கேள்வியாக நின்றுவிடவில்லை. கோபிசெட்டிபாளையம் பக்கம் என் மாமாவுக்கு ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவருக்கு 58 வயது. சொந்தக் காட்டில் மஞ்சள் போடுகிறவர். வீட்டுத் திண்ணையிலேயே விரலி மஞ்சள் மூட்டை கட்டிக் கிடக்கும். அத்தை என்னிடம் கேட்டது இதுதான்:

“ஏங்கண்ணு, நம்ம மஞ்சளைத்தான் அமெரிக்காவுல மாத்திரையாப் போட்டு விக்கறாங்களாமா. நம்மகிட்ட இத்தனை மூட்டை கெடக்குது. அதையே அரைச்சுக் கலக்கிக் குடுத்தா ஆகாதா?”

நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்ல முடியும்.

மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். ஈரோட்டு மஞ்சளில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மேகாலயாவின் லக்கடாங் மஞ்சளில் 7 சதவீதத்துக்கு மேல்கூட உண்டு. 3 என்றே வைத்துக்கொள்வோம். தைவானில் 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், புற்றுநோய் வரக்கூடிய நிலையில் இருந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் வரை சுத்தமான குர்குமின் மூன்று மாதம் கொடுத்தார்கள். அந்த 8 கிராம் நம் மஞ்சள் தூளிலிருந்து வர வேண்டுமென்றால் தினமும் கால் கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும். அதற்கு மேல் 12 கிராம் கொடுக்கப் பார்த்தபோது, இவ்வளவையும் விழுங்க முடியாது என்று நோயாளிகளே சொல்லிவிட்டார்கள்.

சரி, 8 கிராம் சாப்பிட்டால் ரத்தத்தில் எவ்வளவு வந்தது? உச்ச அளவு சராசரியாக 1.77 மைக்ரோமோலார். ரத்த நீர் மூன்று லிட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், 8,000 மில்லிகிராம் சாப்பிட்டதில் ஒரு நேரத்தில் ரத்தத்தில் இருந்தது சுமார் 2 மில்லிகிராம். அதுவும் சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கிவிட்டது. என் தட்டிலோ செல்கள் இதைப்போலப் பல மடங்கு குர்குமினில் இரண்டு நாள் முழுக்க ஊறிக்கொண்டிருந்தன.

மீதி எங்கே போனது? பெரும்பகுதி குடலைத் தாண்டவே இல்லை. 1978-லேயே ஸ்வீடனில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது முக்கால் பங்கு மலத்தில் வெளியேறியிருந்தது. குடல் சுவரைத் தாண்டுகிற கொஞ்சமும் நேராக உடம்புக்குப் போய்விட முடியாது. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முழுவதும் போர்ட்டல் சிரை என்ற ரத்தக் குழாய் வழியாக முதலில் ஈரலுக்குப் போகும். செக்போஸ்ட் மாதிரி, எல்லாம் அங்கே நின்றுதான் உள்ளே வர வேண்டும். குடல் சுவரும் ஈரலும் சேர்ந்து குர்குமினின் மேல் குளுகுரோனைடு, சல்பேட் என்று ஒட்டுப்போட்டு, கரையும் பொருளாக மாற்றி வெளியே அனுப்பிவிடும். அப்படி மாறிய பொருளுக்குத் தட்டில் பார்த்த வீரியம் இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு இந்த விஷயமே புரிந்தது போல இருந்தது. குர்குமினை நாம் எந்த உறுப்பைக் காப்பாற்ற அனுப்புகிறோமோ, அதே உறுப்புத்தான் அதை மிச்சம் வைக்காமல் அழிக்கிறது. மார்பகத்துக்கோ தோலுக்கோ வேறு வழி தேடலாம். ஈரலுக்கு வாய் வழியாகக் கொடுத்தால் ஈரல் தன் வேலையைச் செய்யத்தான் செய்யும். இதை ஊகமாகச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். குடல் புற்றுநோய் ஈரலுக்குப் பரவி, அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 12 பேருக்கு, ஒரு வாரம் தினமும் 450 முதல் 3,600 மில்லிகிராம் வரை குர்குமின் கொடுத்தார்கள். அறுவை சிகிச்சையில் எடுத்த ஈரல் திசுவைச் சோதித்தார்கள். அதில் குர்குமின் இல்லை. உடைந்த மிச்சங்கள் மட்டும் துளியூண்டு. ஈரலில் வேலை செய்யும் அளவுக்குக் குர்குமினை வாய் வழியாகக் கொண்டு சேர்ப்பது மனிதர்களில் அநேகமாக நடக்காது என்று 2004-ல் எழுதினார்கள். இத்தனை வருஷம் ஆகியும் அந்த ஆய்வு எந்த வாட்ஸ்அப் செய்தியிலும் வந்து நான் பார்த்ததில்லை.

அத்தையிடம் இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. “அரைச்சுக் குடுத்தா வயித்துலயே தங்கிப் போயிருங்க அத்தை, ஈரலுக்குப் போறதுக்குள்ள அது மஞ்சளாவே இருக்காதுங்க” என்றேன். அத்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அதுக்குத்தான் மொளகு சேக்கச் சொல்றாங்களாமா” என்றார்.

அத்தை சொன்னதும் உண்மைதான். 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வு அது. 2 கிராம் குர்குமினோடு, மிளகின் காரப்பொருளான பைப்பெரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் ஏறிய குர்குமின் 2,000 சதவீதம் கூடியது. இன்றைக்கு விற்கும் குர்குமின் மாத்திரைகள் பலவற்றில் பைப்பெரின் சேர்ந்திருப்பதற்கு மூலகாரணம் இந்த ஆய்வுதான். ஆனால் மிளகு எப்படி அதைச் செய்கிறது என்று பார்க்க வேண்டும். குர்குமினை உடைக்கும் ஈரலின் கையைப் பைப்பெரின் கட்டிப்போடுகிறது. ஈரல் அந்த நேரத்தில் குர்குமினை மட்டும் விட்டுவிடுவதில்லை. அதே நொதிகள் உடைக்கவேண்டிய மற்ற மருந்துகளையும் விட்டுவிடலாம். புற்றுநோய் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை என்று ஏற்கெனவே ஐந்தாறு மருந்து சாப்பிடுகிற ஒருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதிலும் ஏற்கெனவே முக்கால்வாசி கெட்டுப்போன ஈரலோடு இருப்பவருக்கு.

மஞ்சள் மாத்திரையாலேயே ஈரல் கெடும் என்றால் நம் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். நானும் முதலில் முகம் சுளித்துத்தான் படித்தேன். 2018, 2019-ல் இத்தாலியில் மஞ்சள் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வரிசையாகக் கல்லீரல் அழற்சி வந்து, அரசே எச்சரிக்கை விட்டது. அமெரிக்காவில், மருந்துகளால் வரும் ஈரல் பாதிப்பைப் பல மருத்துவமனைகளில் பதிவுசெய்யும் ஆய்வுக் கூட்டமைப்பு, மஞ்சளோடு தொடர்புடைய 10 பேரின் பாதிப்பை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டது. ஒருவர் இறந்துவிட்டார். 10 பேரில் 7 பேருக்கு எச்.எல்.ஏ-பி*35:01 என்ற மரபணு வகை இருந்தது. அதாவது யாருக்கு வரும் என்பதில் பிறவிக்கும் பங்கு இருக்கிறது. எண்ணிக்கை சிறியதுதான். மஞ்சள் மாத்திரை சாப்பிடுகிற எல்லோருக்கும் இது வராது. ஆனால் ஆரோக்கியமான ஈரல் தாங்கிக்கொள்ளும் அடியைச் சுருங்கிப்போன ஈரல் தாங்காது, அதைத்தான் சொல்ல வருகிறேன். சீந்தில் கொடியிலும் இதே கதை நடந்தது. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று குடித்தவர்களில் சிலருக்கு ஈரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். அதற்கு அடுத்த வருஷம் நாட்டின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரின் பாதிப்பை வெளியிட்டன.

ரசத்தில் போடும் மஞ்சளும் மிளகும் இந்தக் கணக்கில் சேராது. ஒரு சிட்டிகையில் இருக்கும் குர்குமின் நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது, ரசம் நன்றாக இருக்கும். மாமா கடைசி வரைக்கும் சாப்பிட்டார்.

ஈரல் என்றால் நம் ஆட்களுக்கு மஞ்சளைவிட முதலில் நினைவுக்கு வருவது கீழாநெல்லி. அதற்கும் ஓர் அறிவியல் வரலாறு உண்டு. அது சென்னையில் நடந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976-ல் நோபல் பரிசு வாங்கிய பரூக் பிளம்பெர்க், ஃபிலடெல்ஃபியாவில் வெங்கடேஸ்வரன் போன்றவர்களோடு சேர்ந்து கீழாநெல்லிச் சாற்றைச் சோதித்தார். அந்த வைரஸின் உறவு வைரஸ் ஒன்று வுட்சக் என்ற, வளை தோண்டி வாழும் அமெரிக்க விலங்குக்கு வரும். அந்த விலங்குகளிலும் கொடுத்துப் பார்த்தார்கள். நம்பிக்கை தரும் முடிவு வந்தது. அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி. தியாகராஜன் குழு, வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தது. 1988-ல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது: கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்துவிட்டது, போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். 59 சதவீதமும் 4 சதவீதமும். அன்றைக்கு இருந்த எந்த மருந்தும் இதற்கு ஈடில்லை.

பிறகு தாய்லாந்திலும் மற்ற இடங்களிலும் செய்து பார்த்தார்கள். அந்த முடிவு திரும்ப வரவில்லை. செடியின் இனம் வேறா, பறித்த பருவம் வேறா, நோயாளிகள் வேறா என்று பல விளக்கங்கள் பேசப்பட்டன. கீழாநெல்லி என்று விற்பதில் ஃபில்லாந்தஸ் பேரினத்தின் பல செடிகள் கலந்து வருவதும் தெரிந்ததே. 2011-ல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்புரை, கீழாநெல்லிக்குப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. எனக்கு இந்தக் கதையில் சென்னைக் குழு மேல் மரியாதைதான் கூடுகிறது. ஊர் நம்பிக்கையை எடுத்து, போலி மருந்தோடு ஒப்பிட்டு, உலகம் சோதித்துப் பார்க்கும்படி இதழில் வெளியிட்டார்கள். தட்டில் செல் செத்ததோடு நின்றுவிடவில்லை.

கீழாநெல்லி குடித்து மஞ்சள் காமாலை சரியானவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். ஹெபடைடிஸ் ஏ என்ற காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்தப் பெயர் கீழாநெல்லிக்குப் போகிறது. அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. நஷ்டம், அதே நம்பிக்கையோடு ஹெபடைடிஸ் பி வந்தவர் பரிசோதனை செய்யாமல் இருந்துவிடும்போது. மாமாவுக்கு இளவயதில் ஒரு தடவை காமாலை வந்து, பக்கத்து ஊர் வைத்தியரிடம் மூன்று நாள் மருந்து குடித்துச் சரியானது என்று வீட்டில் சொல்வார்கள். அது எந்தக் காமாலை என்று யாரும் பார்க்கவில்லை. புற்றுநோய் தெரிந்த பிறகுதான் அவர் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி இருப்பதும் தெரிந்தது.

செடியிலிருந்து புற்றுநோய் மருந்து வராது என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வந்திருக்கிறது. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற இரண்டு மருந்துகள். 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று அந்தச் செடியைச் சோதிக்கப் போய், அது வெள்ளை அணுக்களைக் குறைப்பதைக் கவனித்தார்கள். அந்தப் பொருள் நானோமோலார் அளவிலேயே செல்லைத் தடுக்கும். குர்குமினைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்த அளவில். ஊசி வழியாக நேரே ரத்தத்துக்குப் போகும். நச்சும் கடுமையானது, அதனால்தான் மருத்துவர் கண்காணிப்பில் அளந்து கொடுக்கிறார்கள். நித்தியகல்யாணியைக் கஷாயம் வைத்துக் குடி என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து வந்த பாக்ளிடாக்சலுக்கு, 1971-ல் அமைப்பு தெரிந்ததிலிருந்து 1992-ல் அனுமதி கிடைக்கும் வரை இருபது வருஷத்துக்கு மேல் ஆனது.

அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் செடிகளைச் சலித்த காலத்தில் ஓர் எல்லை வைத்திருந்தது. கச்சாச் சாறு ஒரு மில்லிலிட்டருக்கு 20, 30 மைக்ரோகிராமுக்குள் பாதிச் செல்லைத் தடுத்தால்தான் மேற்கொண்டு பார்ப்பார்கள். நம் கல்லூரிகளிலிருந்து வரும் கட்டுரைகளில் 200, 300 என்று வருவதையும் ‘குறிப்பிடத்தக்க புற்றுநோய் எதிர்ப்பு’ என்று தலைப்புப் போட்டு வெளியிடுகிறார்கள். மாணவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பட்டத்துக்குக் கட்டுரை வேண்டும், கையில் இருப்பது ஒரு செடி, ஒரு செல் வகை, ஒரு வருஷம். ஆனால் ஆரோக்கியமான செல்லை அதே தட்டில் வைத்து, அது சாகிறதா என்றாவது பார்க்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். குர்குமின் என்று குப்பியில் வருவதே பெரும்பாலும் மூன்று பொருள்களின் கலவை. சுமார் முக்கால் பங்குதான் குர்குமின். அதையாவது எழுதச் சொல்ல வேண்டும். நான் இப்போது மாணவர்களுக்கு இதை வற்புறுத்துகிறேன். தலைப்பில் ‘செல் தட்டில்’ என்ற சொல் இல்லாமல் எதையும் வெளியே விடுவதில்லை.

மாமாவுக்குக் கிடைத்த மருந்து சோராஃபெனிப். 2008-ல் வெளியான 602 பேர் ஆய்வில், போலி மாத்திரை சாப்பிட்டவர்களின் இடைநிலை ஆயுள் 7.9 மாதம், சோராஃபெனிப் சாப்பிட்டவர்களுக்கு 10.7 மாதம். மூன்று மாதம்கூட முழுதாக இல்லை. ஆனால் அது மனிதர்களில் அளந்த மூன்று மாதம். அந்த மாத்திரை மாதத்துக்கு 2,80,000 ரூபாய் விற்றது. 2012 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலே தயாரிக்கும் உரிமம், கொடுத்தது, இந்தியாவில் அதுதான் முதல் தடவை. விலை 9,000 ரூபாய்க்குள் வந்தது. மாமா வீட்டால் அந்த மாத்திரை வாங்க முடிந்ததற்கு அதுதான் காரணம். இப்போது அதைவிட நல்ல ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. விலைதான் எட்டாத உயரத்தில் இருக்கிறது.

மாத்திரை ஆரம்பித்துச் சில வாரம் கழித்துத்தான், உறவுக்காரர் ஒருவர் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்த குர்குமின்-பைப்பெரின் மாத்திரையும் கூடவே போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. ரத்தத்தில் பிலிருபின், அதாவது காமாலையைக் காட்டும் மஞ்சள் நிறப் பொருள், ஏறியிருந்தது. நோயாலா, மருந்தாலா, அந்த மாத்திரையாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. “வேற என்ன சாப்பிடறீங்க?” என்று மருத்துவர் கேட்டபோது மாமா ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார். மஞ்சள் மாத்திரையை மருந்து என்று அவர் நினைக்கவே இல்லை. அத்தை பையிலிருந்து டப்பாவை எடுத்துக் காட்டினார். மருத்துவர் திட்டவில்லை, வாங்கிப் பின்பக்கம் படித்தார், அன்றோடு நிறுத்தச் சொன்னார். வீட்டில் ஈரல் நோயாளி இருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: கஷாயம், சூரணம், பொடி, கேப்சூல் என்று எது வாய்க்குள் போனாலும் டப்பாவோடு எடுத்துக்கொண்டு போங்கள். திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள்.

கல்லீரல் புற்றுநோயைத் தடுத்துக் காட்டியது என்ன என்று கேட்டால், என் கையில் இருக்கும் நல்ல பதில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. தைவானில் 1984-ல் பிறந்த குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்தார்கள். 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் கல்லீரல் புற்றுநோய், 1981-86 காலத்தில் ஒரு லட்சத்துக்கு 0.70 என்று இருந்தது, 1990-94 காலத்தில் 0.36 ஆகப் பாதியானது. தமிழ்நாட்டில் 2011 டிசம்பரிலிருந்து ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியிலேயே இது வருகிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு தவணை தனியாகப் போட வேண்டும். தாயிடமிருந்து குழந்தைக்குப் போவதைத் தடுப்பது அதுதான். 2018-லிருந்து தேசிய வைரல் ஹெபடைடிஸ் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அந்தத் திட்டம் தொடங்கிய ஜூலை 28, உலகக் கல்லீரல் அழற்சி நாள். பிளம்பெர்க் பிறந்த நாளும் அதுவே.

மாமா இருக்கும்போதே வீட்டில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டோம். அத்தைக்கு இல்லை, தடுப்பூசி போட்டாயிற்று. மகளுக்கும் இல்லை. மகனுக்கு இருந்தது. எந்த வலியும் இல்லாமல், காட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். இப்போது தினமும் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வயிற்று ஸ்கேன். போன தை மாசம் எடுத்த ஸ்கேனில் ஈரல் சுத்தமாக இருந்தது. மஞ்சள் வெட்டு நடந்துகொண்டிருந்ததால் ரிப்போர்ட்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அன்று மதியமே காட்டுக்குப் போய்விட்டான்.